சாக்லேட்டுக்குப் பதக்கம் வழங்கப்படுவது எப்படி? சர்வதேசப் போட்டிகளும் இந்தியக் கோகோ விவசாயியும்

புது தில்லி: கேரள மாநிலம் கொச்சியைச் சேர்ந்த 'பால் அண்டு மைக்' நிறுவனத்தின் சாக்லேட் ஒன்று, 2020-21-ஆம் ஆண்டுக்கான சர்வதேச சாக்லேட் விருதுகளின் உலக இறுதிப் போட்டியில் வெள்ளி விருது பெற்றது. 64 சதவீதக் கோகோவுடன் சிச்சுவான் மிளகும் ஆரஞ்சுப் பழத்தோலும் சேர்த்துப் பால் கலக்காமல் தயாரிக்கப்பட்ட சாக்லேட் அது. அதன் பின்னர் ஹைதராபாத்தின் 'மனம் சாக்லேட்' உள்ளிட்ட வேறு சில இந்திய நிறுவனங்களும் வெளிநாட்டுப் போட்டிகளில் விருதுகளைப் பெற்றுள்ளன. நகரக் கடைகளில் விற்கப்படும் விலை உயர்ந்த சாக்லேட்டுகளின் உறைகளில் தங்க, வெள்ளி நிற முத்திரைகள் இப்போது அடிக்கடி தென்படுகின்றன.

அந்த முத்திரைகள் எதைக் குறிக்கின்றன, அவற்றை வழங்குவோர் யார், சாக்லேட்டின் சுவை எவ்வாறு மதிப்பிடப்படுகிறது, தென்னந்தோப்பில் கோகோ பயிரிடும் விவசாயிக்கு அதனால் பயன் உண்டா என்பன குறித்து இக்கட்டுரை விளக்குகிறது.

எத்தனை வகைப் போட்டிகள்?

சாக்லேட் தொடர்பான சர்வதேசப் போட்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். தயாரிப்பாளரின் கைத்திறனை மதிப்பிடுவது முதல் வகை. 'வேர்ல்டு சாக்லேட் மாஸ்டர்ஸ்' போட்டி இதற்கு உதாரணம். 'பாரி கேலிபோ' என்ற பெருநிறுவனம் 2005-ஆம் ஆண்டு முதல் இதை நடத்தி வருகிறது. சாக்லேட்டில் சிற்பம் வடிப்பது, புதுமையான இனிப்புகளைச் செய்வது ஆகியவற்றில் கலைஞர்கள் இங்கே போட்டியிடுகின்றனர். 2018-இல் சுவிட்சர்லாந்தின் எலியாஸ் லேடராக்கும், 2022-இல் ஸ்பெயினின் லுக் குருசெல்லாசும் பட்டம் வென்றனர். கோகோ விதையின் தரம் இப்போட்டியின் மையப் பொருள் அல்ல.

கடைக்கு வரும் சாக்லேட்டையே மதிப்பிடுவது இரண்டாம் வகை. பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'அகாடமி ஆஃப் சாக்லேட்' அமைப்பின் விருதுகளும், 2012-இல் தொடங்கப்பட்ட 'சர்வதேச சாக்லேட் விருதுகள்' போட்டியும் இவ்வகையில் முக்கியமானவை. பின்னதில் முதலில் மண்டல அளவிலான போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றில் வெற்றி பெறுபவை உலக இறுதிப் போட்டிக்குச் செல்கின்றன. இரண்டிலும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசையில் விருதுகள் வழங்கப்படுகின்றன. பிரிட்டனில் 1994 முதல் நடைபெற்று வரும் 'கிரேட் டேஸ்ட்' விருதுகளில், தேன், ஊறுகாய், பாலாடைக்கட்டி போன்ற பல உணவுப் பொருள்களுடன் சாக்லேட்டும் மதிப்பிடப்பட்டு ஒன்று முதல் மூன்று நட்சத்திரங்கள் வரை அளிக்கப்படுகின்றன.

மூன்றாம் வகை கோகோ விதையை மதிப்பிடுவது. 'ககாவ் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்ற திட்டம் இதற்காகவே 2009-இல் தொடங்கப்பட்டது. பொதுமக்கள் அதிகம் கேள்விப்படாத இந்தப் போட்டியில் விருது பெறுவது சாக்லேட் நிறுவனம் அல்ல; கோகோவை விளைவித்து, பதப்படுத்திய உற்பத்தியாளர்.

நடுவர்கள் எவ்வாறு சுவைக்கின்றனர்?

தயாரிப்பாளர் யார் என்பது நடுவருக்குத் தெரியக் கூடாது என்பது இப்போட்டிகளின் அடிப்படை விதி. உறை அகற்றப்பட்டு, குறியீட்டு எண் மட்டும் இடப்பட்ட துண்டுகளே நடுவர்களின் முன் வைக்கப்படுகின்றன. நிறுவனத்தின் புகழோ, உறையின் அழகோ, விலையோ மதிப்பெண்ணைப் பாதிக்காதிருக்க இந்த ஏற்பாடு.

முதலில் கண்ணுக்கும் காதுக்கும் வேலை. நல்ல முறையில் பதப்படுத்தப்பட்ட சாக்லேட்டின் மேற்பரப்பு சீரான பளபளப்புடன் இருக்கும். உடைக்கும்போது 'டக்' என்ற தெளிவான ஓசை எழும். கோகோ வெண்ணெய் பல படிக வடிவங்களில் உறையக்கூடியது. அவற்றுள் சரியான வடிவத்தைப் பெறுவதற்காக, உருகிய சாக்லேட்டைக் குறிப்பிட்ட வெப்பநிலைகளில் குளிரவைத்து மீண்டும் சூடேற்றுகின்றனர். இதில் பிழை நேர்ந்தால் மேற்பரப்பில் சாம்பல் நிறப் படலம் தோன்றும், ஓசையும் மங்கும்.

அடுத்தது மணம். அதன் பின்னரே துண்டு நாவில் வைக்கப்படுகிறது. உடனடியாக மென்று விழுங்காமல் தானாகக் கரைய விடுகின்றனர். சரியாகப் பதப்படுத்தப்பட்ட கோகோ வெண்ணெய், உடல் வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகுவதால் வாயில் வைத்ததும் இளகத் தொடங்குகிறது. அப்போது வெளிப்படும் சுவைகள் ஒரே நேரத்தில் வருவதில்லை. தொடக்கத்தில் புளிப்போ பழச்சுவையோ தெரியலாம். இடையில் கோகோவின் அடிப்படைச் சுவை மேலோங்கலாம். இறுதியில் கசப்போ துவர்ப்போ எஞ்சலாம். இம்மாற்றங்களையும், விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் சுவை நிலைக்கிறது என்பதையும் நடுவர்கள் குறித்துக்கொள்கின்றனர்.

ஒரு மாதிரியின் சுவை அடுத்ததில் கலந்துவிடாமல் இருக்க, சர்வதேச சாக்லேட் விருதுகளின் நடுவர்கள் இடையிடையே 'பொலென்டா' என்ற இத்தாலிய உணவை உண்கின்றனர். மக்காச்சோள மாவைத் தண்ணீரில் வேகவைத்துக் கிண்டிய கூழ் அது. உப்போ இனிப்போ இல்லாத அந்த வெறும் கூழ், நாவில் படிந்த கொழுப்பை அகற்ற உதவுகிறது.

உறையில் அச்சிடப்படும் சதவீதம் தரத்தின் அளவுகோல் அல்ல என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. 70 சதவீதம் என்றால், அதன் எடையில் 70 பங்கு கோகோவும் கோகோ வெண்ணெயும் சேர்ந்தது. எஞ்சியதில் பெரும்பகுதி சர்க்கரை. கெட்டுப்போன விதையைக் கொண்டும் 70 சதவீத சாக்லேட்டைத் தயாரித்துவிட முடியும்.

சுவை உருவாகும் இடம்

பறித்தவுடன் கோகோ விதையில் சாக்லேட்டின் மணம் இருப்பதில்லை. காயை உடைத்தால் வெண்ணிறச் சதை சூழ்ந்த 20 முதல் 50 விதைகள் கிடைக்கின்றன. சதை இனிப்பும் புளிப்புமாக இருக்கும். உள்ளிருக்கும் விதையோ கடுமையாகக் கசந்து துவர்க்கும்.

இந்த ஈர விதைகளை மரப்பெட்டியில் நிரப்பியோ குவியலாக்கியோ வாழை இலையால் மூடி நொதிக்க வைக்கின்றனர். பெரும்பாலான வகைகளுக்கு ஐந்து முதல் ஏழு நாட்கள் தேவைப்படுகின்றன. முதலில் ஈஸ்ட் நுண்ணுயிரிகள் சதையில் உள்ள சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகின்றன. விதைகளைக் கிளறிவிடும்போது காற்று புகுந்து, வேறு பாக்டீரியாக்கள் அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. குவியலின் வெப்பம் 45 முதல் 50 டிகிரி வரை உயர்கிறது. விதையின் முளைப்புத் திறன் அழிந்து, உள்ளே இருக்கும் புரதமும் சர்க்கரையும் சிதைந்து, மணத்துக்கான மூலப்பொருள்கள் உருவாகின்றன. கசப்பும் துவர்ப்பும் குறைகின்றன.

அதன் பின்னர் ஈரப்பதம் ஏறத்தாழ 7 சதவீதமாகக் குறையும் வரை வெயிலில் உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் உலர்த்தத் தாமதமானால் பூஞ்சை படரும். விறகுத் தீயில் உலர்த்தினால் விதையில் புகை நாற்றம் ஏறிவிடும். அந்த நாற்றத்தை எந்த ஆலையாலும் முழுமையாக நீக்க இயலாது. தொழிற்சாலையில் வறுப்பதும் அரைப்பதும், தோட்டத்தில் உருவான மணத்தை வெளிக்கொணர்கின்றனவே தவிர, அங்கே உருவாகாததைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. போட்டி மேசையில் நடுவர் பாராட்டும் பழச்சுவைக்கும், மதிப்பெண் குறைக்கும் துவர்ப்புக்கும் பெரும்பாலும் காரணம் அந்த ஒரு வார காலப் பணியே.

மரத்தின் மரபும் சுவையைத் தீர்மானிக்கிறது. கிரியோல்லோ, ஃபொராஸ்டெரோ, டிரினிடாரியோ என்ற மூன்று பிரிவுகளே நீண்ட காலமாகப் பேசப்பட்டு வந்தன. கோகோ மரங்களில் 10 மரபணுக் குழுக்கள் இருப்பதை 2008-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. இந்தியாவில் பெருமளவில் பயிரிடப்படுபவை ஃபொராஸ்டெரோ வழிவந்தவையும் அவற்றின் கலப்பினங்களுமே. உயர்ந்த சுவைக்கு கிரியோல்லோ மரமே வேண்டும் என்ற பழைய கருத்து, இந்திய விதைகளிலிருந்து தயாரான சாக்லேட்டுகள் விருது பெறத் தொடங்கிய பின் வலுவிழந்துள்ளது.

விதைக்கே வழங்கப்படும் விருது

சாக்லேட் போட்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. சாக்லேட் சிறப்பாக இருந்தால் அதற்கான பெருமை விவசாயியைச் சேருமா, தயாரிப்பாளரைச் சேருமா என்பதைப் பிரித்தறிவது கடினம். ககாவ் ஆஃப் எக்ஸலன்ஸ் திட்டம் இதற்கு ஒரு வழியைக் கண்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் இப்போட்டிக்கு, 50-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 200-க்கும் அதிகமான விதை மாதிரிகள் வருகின்றன. உற்பத்தியாளர்கள் அனுப்பும் உலர்ந்த விதைகள் முதலில் வெட்டிப் பார்க்கப்படுகின்றன. நன்கு நொதித்த விதையின் உட்புறம் பழுப்பு நிறத்தில் பிளவுகளுடன் காணப்படும். நொதிக்காத விதை சிலேட்டுப் பலகை போல் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும். பின்னர் அனைத்து மாதிரிகளும் ஒரே மாதிரியான நடைமுறையின்படி வறுத்து அரைக்கப்பட்டு, விழுதாக நிபுணர் குழுவால் சுவைக்கப்படுகின்றன. கசப்பு, புளிப்பு, துவர்ப்பு, பழம், மலர், கொட்டைப் பருப்பு, மரம், நறுமணப் பொருள் எனச் சுவையின் ஒவ்வொரு கூறுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடப்படுகிறது.

தேர்வாகும் சிறந்த 50 மாதிரிகள் சாக்லேட்டாகத் தயாரிக்கப்பட்டு மீண்டும் சுவைக்கப்படுகின்றன. தயாரிப்பு முறையில் வேறுபாடு இல்லாததால், எஞ்சும் வேறுபாடு மரம், மண், நொதித்தல், உலர்த்தல் ஆகியவற்றால் ஏற்பட்டது எனக் கருதலாம். 2023-ஆம் ஆண்டுச் சுற்றுக்கான விருதுகள் 2024 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் வழங்கப்பட்டன.

சுவை என்பது தனிமனித விருப்பம் என்ற வாதத்துக்கு இத்தகைய மதிப்பெண் முறை ஓரளவு பதிலளிக்கிறது. தமக்குப் பிடித்ததா என்பதை அல்லாமல், குறிப்பிட்ட சுவைக்கூறு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பதிவு செய்யவே நிபுணர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

இந்தியாவில் கோகோ

தென் அமெரிக்காவின் அமேசான் வனப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட கோகோ, 1798-இல் கிழக்கிந்திய கம்பெனியால் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அன்றைய திருநெல்வேலிச் சீமையின் குற்றாலத்தில்தான் அது முதன்முதலில் நடப்பட்டது. எனினும் வணிகப் பயிராக அது வேரூன்ற மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. கேரளத்தின் வயநாடு மாவட்டம் சுண்டேலில் 1965-இல் கேட்பரி நிறுவனம் செயல்விளக்கத் தோட்டம் அமைத்த பின்னரே சாகுபடி பரவியது. 1980-களின் தொடக்கத்தில் விலை வீழ்ச்சியடைந்தபோது விவசாயிகள் பலர் மரங்களை வெட்டினர். கர்நாடகத்தின் புத்தூரில் 'கேம்ப்கோ' கூட்டுறவு நிறுவனம் 1986-இல் சாக்லேட் ஆலையைத் தொடங்கியதன் பின்னணியில் அந்த நெருக்கடியும் இருந்தது.

இன்று ஆந்திரம், கேரளம், கர்நாடகம், தமிழகம் ஆகிய நான்கு மாநிலங்களில் தென்னை, பாக்கு மரங்களுக்கு இடையே ஊடுபயிராகக் கோகோ வளர்க்கப்படுகிறது. உற்பத்தியில் ஆந்திரம் முன்னணியில் உள்ளது. நாட்டின் தேவை உற்பத்தியைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால் பெருமளவு கோகோ இறக்குமதி செய்யப்படுகிறது.

கடந்த பத்தாண்டுகளில் விதையிலிருந்தே சாக்லேட் தயாரிக்கும் சிறு நிறுவனங்கள் பெருகியுள்ளன. இத்தொழிலில் 'பீன் டு பார்' என்று அழைக்கப்படும் முறை இது. ஆயத்த சாக்லேட்டை வாங்கி உருக்கி வார்ப்பவர்களிடமிருந்து இவர்கள் வேறுபடுகின்றனர். ஆரோவில்லில் 2014-இல் தொடங்கப்பட்ட 'மேசன் அண்டு கோ', மைசூருவின் 'நவிலுனா', சென்னையின் 'கோகோட்ரெய்ட்', ஆனைமலைப் பகுதித் தோட்டத்தின் விதைகளிலிருந்தே தயாரிக்கும் 'சோக்லெட்' ஆகியவை இவற்றுள் சில. மனம் சாக்லேட் நிறுவனம் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரிப் பகுதி விவசாயிகளிடம் பெறும் கோகோவைப் பயன்படுத்துகிறது.

விவசாயிக்குக் கிடைப்பது என்ன?

விருதுகளின் உண்மையான மதிப்பை அளவிட வேண்டிய இடம் இதுவே. தென்னந்தோப்பில் சில நூறு கோகோ மரங்கள் மட்டும் வைத்திருக்கும் விவசாயிக்கு ஒவ்வொரு பறிப்பிலும் கிடைக்கும் விதை குறைவு. நொதித்தலுக்குத் தேவையான வெப்பம் உருவாக, சில பத்துக் கிலோ விதைகளாவது ஒன்றாகக் குவிய வேண்டும். மேலும் ஒரு கிலோ உலர் விதையைப் பெற ஏறத்தாழ மூன்று கிலோ ஈர விதை தேவை. ஒரு வாரம் நொதிக்க வைத்து, மேலும் ஒரு வாரம் உலர்த்தி, மழையிலிருந்து காத்துக் கொண்டு சென்றாலும், எல்லோருக்கும் ஒரே விலை என்றால் அந்த உழைப்புக்குப் பலன் இல்லை. எனவே பலரும் ஈர விதையாகவே எடை போட்டு விற்றுவிடுகின்றனர். நொதித்தலும் அதன் வழியே வரும் கூடுதல் மதிப்பும் வாங்குபவரின் கைக்குச் சென்றுவிடுகின்றன.

சாதாரணக் கோகோவின் விலை லண்டன், நியூயார்க் சந்தைகளை ஒட்டியே நிர்ணயமாகிறது. உலக உற்பத்தியில் பாதிக்கும் மேற்பட்டதை ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளே அளிக்கின்றன. அங்கே விளைச்சல் சரிந்ததால், நீண்ட காலம் டன்னுக்கு 2,500 டாலர் அளவில் இருந்த விலை, 2024-இல் 10,000 டாலரைத் தாண்டியது. கேரளத்திலும் உலர் விதையின் விலை கிலோ 1,000 ரூபாய் அளவை எட்டியது. பின்னர் விலை சரிந்தபோது, 2025-இல் ஆந்திர விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர். மாநில அரசு தலையிட நேர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் மழையும் நோயும், ஏலூருவில் உள்ள ஒரு தோப்பின் வருமானத்தை முடிவு செய்கின்றன.

இந்த ஏற்றத்தாழ்விலிருந்து ஓரளவேனும் விலகி நிற்க வழி, தரத்துக்கென்று தனி விலை பெறுவது. சர்வதேசக் கோகோ அமைப்பும் சாதாரணக் கோகோவிலிருந்து வேறுபடுத்தி, சுவையும் மணமும் மிக்க உயர்தரக் கோகோவைத் தனிப் பிரிவாக அங்கீகரித்துள்ளது. விருது பெற்ற விதை எனத் தெரிந்தால், வெளிநாட்டுச் சிறு தயாரிப்பாளர்கள் நேரடியாகத் தேடி வர வாய்ப்பு உண்டு. உறையில் மாவட்டத்தின் பெயரோ தோட்டத்தின் பெயரோ அச்சிடப்படும்போது, அந்த விதையை வேறோர் இடத்து மலிவான விதையைக் கொண்டு எளிதில் மாற்றிவிட முடியாது. விவசாயியின் பேரம் பேசும் வலிமைக்கு அது துணையாகும்.

ஆனால் இது தானாக நிகழ்வதில்லை. 2024-இல் சாதாரண விதையே வரலாறு காணாத விலைக்கு விற்றபோது, கூடுதல் உழைப்பைச் செலுத்தி உயர்தர விதை தயாரிக்கும் ஆர்வம் பல நாடுகளில் குறைந்தது. தரத்துக்கான கூடுதல் தொகை, சந்தை விலை உயரும்போதும் தாழும்போதும் ஒப்பந்தத்தால் உறுதி செய்யப்பட்டால் மட்டுமே விவசாயி அதை நம்பிப் பெட்டியும் உலர்களமும் அமைக்க முடியும்.

விருதுகளின் வரம்புகள்

இப்போட்டிகள் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. சாக்லேட்டுகளுக்கான பெரும்பாலான போட்டிகளில் பங்கேற்கக் கட்டணம் செலுத்த வேண்டும். மாதிரிகளை வெளிநாட்டுக்கு வெப்பம் தாக்காமல் அனுப்பும் செலவும் உண்டு. பணம் செலவிட இயலாதவர்களின் சாக்லேட் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் நடுவரின் மேசைக்கு வருவதில்லை. பிரிவுகளும் உட்பிரிவுகளும் பெருகுவதால் ஒரே ஆண்டில் நூற்றுக்கணக்கான விருதுகள் வழங்கப்படுகின்றன என்பது மற்றொரு குறை.

போட்டிக்கு அனுப்பப்பட்ட தொகுப்பும் கடையில் விற்கப்படும் தொகுப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கோகோ வேளாண் விளைபொருள் என்பதால், பருவத்துக்குப் பருவம் அதன் சுவை மாறக்கூடியது. நடுவர்களில் பலர் ஐரோப்பா, அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள் என்பதால், அவர்களுக்குப் பழக்கமான சுவைகளுக்கு முன்னுரிமை கிடைக்கிறதா என்ற கேள்வியும் எழுப்பப்படுகிறது. குழந்தைத் தொழிலாளர், நியாயமான கூலி, காடழிப்பு ஆகியவற்றைச் சுவையை மட்டும் கொண்டு அளக்கவும் இயலாது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

முத்திரையைக் காணும்போது எந்தப் போட்டி, எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்பதைப் பார்ப்பது நல்லது. ஒரு நிறுவனத்தின் ஒரு சாக்லேட் பெற்ற விருது, அதன் மற்றத் தயாரிப்புகளுக்குப் பொருந்தாது. விதை எங்கே விளைந்தது, எந்த ஆண்டில் அறுவடையானது, தயாரிப்பாளர் விதையிலிருந்தே தயாரிக்கிறாரா என்ற விவரங்களை உறையில் அச்சிடும் நிறுவனங்கள், கேள்விகளுக்குப் பதிலளிக்கத் தயாராக இருப்பவை எனக் கொள்ளலாம். பொருள் பட்டியலில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இடம் பெற்றிருந்தால், அது இப்போட்டிகள் மதிப்பிடும் வகையைச் சேர்ந்தது அல்ல.

விவசாயிக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை உறையில் வெளியிடும் நிறுவனங்கள் இன்னும் குறைவு. ஈர விதைக்கு வழங்கப்படும் விலையும், நன்கு நொதித்த உலர் விதைக்கு வழங்கப்படும் கூடுதல் தொகையும் வெளிப்படையாகத் தெரிவிக்கப்படும்போதுதான், வெளிநாட்டு மேசையில் வென்ற பதக்கம் தோப்பு வரை வந்து சேர்ந்ததா என்பது தெரியவரும்.